முயலுக்கு ஒன்று, ஆமைக்கு ஆறு

மனிதன் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தால் உடம்பு கெட்டுப்போகும் என்ற உண்மை, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் தலைமை அலுவலகத்துக்குத் தெரியவந்தது. தெரியவந்ததும் அவர்கள் யாரும் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு சுற்றறிக்கை எழுதினார்கள். "பணியாளர்தம் உடல்நலனைப் பேணும் பொருட்டு, கிளை அலுவலகம் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு விளையாட்டை உடனடியாக விளையாடத் தொடங்கி, விளையாடிய விவரத்தை மூன்று படிகளில் அனுப்பிவைக்க வேண்டும்" என்று அதில் கண்டிருந்தது.

சுற்றறிக்கை நகல் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் வந்து சேர்ந்தது. இந்த இயக்ககத்தின் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மற்ற அலுவலகங்கள் தொலைத்துவிடக்கூடிய கடிதங்களின் நகல்களை வாங்கி அடுக்கிவைப்பது, யாராவது வந்து கேட்டால் தேடிப் பார்த்து "கிடைக்கவில்லை" என்று பதில் எழுதுவது, அந்தப் பதிலுக்கும் ஒரு நகல் எடுத்து அடுக்கிவைப்பது. நாற்பத்தோரு பேர் இதை இடுப்பொடியச் செய்துகொண்டிருந்தார்கள்.

அங்கே ஸ்டோர்கீப்பராக இருந்தவரை எல்லாரும் ஸ்டோர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அலுவலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மாறுதல். அவருடைய மனைவி ஒரு ராத்திரிப் பயணத் தொலைவிலுள்ள வேறு ஊரில், இதே துறையின் இன்னொரு கிளையில் எழுத்தராக இருந்தார். நாலு வயது மகளும் அங்கேதான். பள்ளிக்கூடத்தில் "அப்பா படம் வரைந்து வா" என்று சொன்னதற்கு அந்தக் குழந்தை ஒரு செல்போனை வரைந்து, அதற்கு மீசை வைத்துக் கொண்டுபோனது. டீச்சர் சிரித்தாராம். ஸ்டோருக்குச் சிரிப்பு வரவில்லை. மாறுதல் மனு இரண்டு வருஷமாக இயக்குநர் மேசையின் இடதுபக்கத் தட்டில், கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

எந்த விளையாட்டை விளையாடுவது என்பதில் குழப்பமே வரவில்லை. இயக்குநரின் சம்பந்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் டென்னிஸ் ஆடுகிறவர். அதைப் பற்றிக் குடும்ப விசேஷங்களில் சாப்பாட்டுப் பந்தி முடிகிறவரை பேசுகிறவரும்கூட. ஆகவே அலுவலகத்தின் விளையாட்டு டென்னிஸ் என்று ஒருமனதாக முடிவாயிற்று. அந்த ஒரு மனம் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கண்காணிப்பாளர் கையைத் தூக்கினார். விதிகளைக் கரைத்துக் குடித்தவர் அவர். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது எந்தக் காலை முதலில் வைப்பதென்று பழைய ஆணைகளைப் புரட்டிப் பார்ப்பார் என்று பேச்சு.

"டென்னிஸுக்கு ரெண்டு பேர் வேணும் சார். அங்கதான் சிக்கல்."

"என்னய்யா சிக்கல்?"

"நீங்க ஒரு பக்கம் நிக்கறீங்க. எதிர்ல எங்கள்ல ஒருத்தர். நீங்க ஜெயிச்சா, வேணும்னே விட்டுக்குடுத்தாங்கன்னு பேச்சு வரும். தோத்துட்டா..."

அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை முடிக்கும் அதிகாரம் அந்த அறையில் யாருக்கும் வழங்கப்பட்டிருக்கவில்லை.

"அப்போ என்னதான் பண்றது?"

"பந்து போடற மெஷின் இருக்கு சார். அதுக்குப் பதவி கிடையாது, சீனியாரிட்டி கிடையாது. எதிர்ல நின்னு பந்து போட்டுக்கிட்டே இருக்கும். நாம அடிக்கலாம். யாரும் ஜெயிச்சதாவும் ஆகாது, தோத்ததாவும் ஆகாது."

அலுவலக வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஏழு மாதம் கழித்து மெஷின் வந்தது. சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி, தலையில் பந்து கொட்ட ஒரு கூடை, முன்பக்கம் வாய் மாதிரி ஓர் ஓட்டை. பணியாளர்களின் வண்டிகளையெல்லாம் தெருவுக்குத் துரத்திவிட்டு, பின்பக்கத்து வண்டிக் கொட்டகையை இடித்து, கோடு போட்டு வலை கட்டினார்கள். மெஷினோடு வந்த கையேடு யாருக்கும் தெரியாத மொழியில் இருந்தது. ஆனால் பெட்டியின் மேல் ஒரே ஒரு வரி நம் மொழியில் ஒட்டியிருந்தது: "எந்தத் திறன் நிலையினரும் பயிற்சி செய்யலாம்." மெஷினின் முதுகில் ஒரு குமிழ். அதைச் சுற்றி ஆறு புள்ளிகள். முதல் புள்ளிக்குப் பக்கத்தில் ஓர் ஆமைப் படம், கடைசிப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு முயல் படம். மூன்று வயதுக் குழந்தையிடம் கொடுத்திருந்தால் அன்று சாயங்காலமே விளையாட ஆரம்பித்திருக்கும். இவர்கள் கூட்டம் போட்டார்கள்.

"திறன் நிலைன்னு போட்டிருக்கு. அப்போ யாரு எந்த நிலைன்னு முதல்ல முடிவாகணும்" என்றார் கண்காணிப்பாளர்.

"ஆடிப் பாத்தா தெரிஞ்சுடுமே சார்" என்றார் ஸ்டோர்.

"ஆடிப் பாக்கணும்னா ஒரு நிலைல நிக்கணும். எந்த நிலைல நிக்கறதுன்னு தெரியாம எப்படி ஆடறது?"

அதற்குக் கண்காணிப்பாளரே விடையும் சொன்னார்.

"இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? ஒருத்தருக்குத் திறன் இருக்கறதாலதானே பதவி குடுத்திருக்கு? அப்போ பதவி எவ்வளவோ, திறனும் அவ்வளவு."

"ஆனா சார், நம்மள்ல யாருமே இதுவரைக்கும் டென்னிஸ் ஆடினதில்லையே?"

"நீங்க சொல்றது தனிப்பட்ட திறன். நாம பேசறது அலுவலகத் திறன்."

பட்டியல் தயாராயிற்று. பியூன்கள், காவலாளி, பெருக்குகிறவர்கள் முதலாம் நிலை. எழுத்தர்கள், டைப்பிஸ்டுகள், ஸ்டோர் இரண்டாம் நிலை. மூத்த எழுத்தர்கள் மூன்று. கண்காணிப்பாளர் நான்கு. பல வருஷமாகக் காலியாகக் கிடந்த துணை இயக்குநர் பதவிக்கு ஐந்து. அந்தக் காலி நாற்காலிக்கும் ஒரு மட்டை ஒதுக்கப்பட்டது. இயக்குநர் ஆறாம் நிலை. ஆறு என்றால் முயல்.

அன்று மாலை இயக்குநர் ஸ்டோரை அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். இடதுபக்கத் தட்டில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை தொடக்க விழா. முதல் பந்து நான்தான் அடிக்கறேன். என் சம்பந்தியையும் வரச் சொல்லியிருக்கேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு வை, உன் மனுவில அன்னிக்கே கையெழுத்து."

ஸ்டோருக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்குப் போகிற வழியிலேயே மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார். குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டு, "அப்பா, நீங்க போன்லேருந்து வெளிய வந்துடுவீங்களா?" என்று கேட்டது. "வந்துடுவேன் கண்ணு" என்றார்.

சனிக்கிழமை பிற்பகல், எதற்கும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று குமிழை முயலில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். மெஷினின் வயிற்றுக்குள் சக்கரம் உறுமியது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பந்து புறப்பட்டதை அவர் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. டமார் என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், சுவரில் தொங்கிய 'நகல் பாதுகாப்பு இயக்ககம்' என்ற தகரப் பலகையில் 'பாதுகாப்பு' மட்டும் பள்ளமாகியிருந்தது. அந்த இடத்தில் இயக்குநரின் நெற்றியை வைத்துப் பார்த்தார். நேராகக் கண்காணிப்பாளரிடம் ஓடினார்.

"சார், இயக்குநருக்கு மட்டும் குமிழைக் கொஞ்சம் ஆமைப் பக்கமாத் திருப்பி..."

"என்னது? இயக்குநரை அஞ்சாம் நிலைக்கு இறக்கறதா? விசாரணை வெச்சு, விளக்கம் கேட்டு, தலைமை அலுவலகத்துல ஒப்புதல் வாங்காம ஒருத்தரைப் பதவி இறக்கம் பண்ண ஒரு ஸ்டோர்கீப்பருக்கு என்னய்யா அதிகாரம்?"

"அவருக்கு மூக்கு உடைஞ்சுடும் சார்."

"அது மருத்துவச் செலவுப் பிரிவு பாத்துக்கும். நீங்க போய் முதல்ல அந்தக் குமிழ்ல நம்பர் ஒட்டுங்க. ஆமையும் முயலும் அரசாங்க நடைமுறையில கிடையாது."

அப்போதுதான் ஸ்டோருக்கு அந்த யோசனை வந்தது. மனிதர் கெட்டவர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெண்டாட்டி பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். வெள்ளைக் காகிதத்தில் ஒன்றிலிருந்து ஆறுவரை தன் கையாலேயே எழுதினார். அவர் எழுதுகிற இரண்டுக்கு வால் நீண்டு, மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் திருந்தாத வால். எண்களை வெட்டி, அலுவலக முத்திரை குத்தி, பசை தடவி, ஆமையின் மேல் ஆறை ஒட்டினார். முயலின் மேல் ஒன்றை ஒட்டினார். ஆணைப்படி இயக்குநர் ஆறாம் நிலைதான். ஒரு விதியும் மீறப்படவில்லை.

திங்கட்கிழமை விழா அமர்க்களமாக நடந்தது. இயக்குநர் தலை முதல் கால்வரை வெள்ளை. நெற்றியில் வியர்வைப் பட்டை, இரண்டு மணிக்கட்டிலும் பட்டை. சம்பந்தி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "ஆறாம் நிலை!" என்று கண்காணிப்பாளர் அறிவித்ததும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மெஷின் லேசாக முனகியது. ஒரு பந்து வெளியே வந்து, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வலையைத் தாண்டி, ஒருமுறை குதித்து, இயக்குநரின் மட்டைக்கு நேராக வந்து நின்றது. இயக்குநர் அடித்தார். பந்து வலைக்கு அப்பால் விழுந்தது. கைதட்டலில் கூரைப் புறாக்கள் பறந்துபோயின.

ஐம்பது பந்தில் நாற்பத்தெட்டு. மீதி இரண்டின்போது இயக்குநர் கைதட்டலுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி கால்மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார்.

அடுத்து, கடைநிலை ஊழியரையும் கௌரவிக்கும் வகையில், மூத்த பியூன் அழைக்கப்பட்டார். ஓய்வுபெற இரண்டு வருஷமே பாக்கியிருந்த, யாரிடமும் உரக்கப் பேசாத மனிதர். "பயப்படாதீங்க அண்ணே, முதல் நிலைதான்" என்று தைரியம் சொல்லி மட்டையைக் கையில் கொடுத்தார்கள். ஸ்டோர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சக்கரம் உறுமியது. கண்ணைத் திறந்தபோது மட்டை ஒரு பக்கமும் பியூன் ஒரு பக்கமும் கிடந்தார்கள். பந்து முழங்காலில் பட்டிருந்தது.

"முதல் நிலையையே சமாளிக்க முடியலையே! இவங்களை வெச்சுக்கிட்டு எப்படி நிர்வாகம் பண்றது?" என்று இயக்குநர் சம்பந்தியிடம் வருத்தப்பட்டார். சம்பந்தியும் உச்சுக் கொட்டினார்.

விழா முடிந்ததும் இயக்குநர் சொன்ன சொல் தவறாமல் மனுவைத் தட்டிலிருந்து எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார். முதல் எழுத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே பேனா நின்றது.

"ஸ்டோர், எனக்கு ஒண்ணு தோணுது. இத்தனை வருஷமா லீவு, மாறுதல், பதவி உயர்வு எல்லாத்தையும் குத்துமதிப்பாத்தானே குடுத்துட்டு வர்றோம்? இப்பதான் திறனை அளக்க ஒரு கருவி கிடைச்சிருக்கே!"

"சார், அந்தக் கருவில நான் ஒட்டின லேபிள்..."

"பாத்தேன், பாத்தேன். ரொம்ப அழகா எழுதியிருக்கே."

பேனா மூடப்பட்டது. மறுநாள் ஆணை வந்தது. விடுப்போ மாறுதலோ பதவி உயர்வோ கோருவோர், தத்தம் நிலையில் ஐம்பது பந்துகளுக்குக் குறைந்தது நாற்பது பந்துகளைத் திருப்பி அடித்திருத்தல் வேண்டும். பொருத்தமான நிலையில் ஆடுவதால் இது அனைவருக்கும் சமவாய்ப்பு அளிக்கிறது என்றும் ஆணையில் விளக்கியிருந்தது. ஸ்டோர் தன் முதல் முயற்சியில் மூன்று பந்து அடித்தார். இரண்டாம் நிலை என்பது முயலுக்கு அடுத்த புள்ளி.

அதன்பிறகு அலுவலகம் அலுவலகமாக இல்லை. மேலதிகாரிகள் நெற்றிப் பட்டையோடு கோப்பு பார்த்தார்கள். கண்காணிப்பாளர் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து வேர்க்காமல் இருக்கிறதாம். கடிதத்தைத் திருப்பி அனுப்புவதற்குக்கூட "பேக்ஹேண்ட்ல அனுப்பிடு" என்றார்கள். எல்லார் மேசையிலும் ஒரு முழ உயரத் தண்ணீர் பாட்டில். பொதுமக்கள் நகல் கேட்டு வந்தால், "சார் பயிற்சில இருக்கார்" என்று பதில் வந்தது. முன்பு "சார் சீட்ல இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்ததைவிட இது ஒரு முன்னேற்றம்தான். இயக்குநர் ஒரு ஞாயிறு சம்பந்தியோடு நிஜமாகவே ஆடப்போய், ஒரு புள்ளிகூட எடுக்காமல் திரும்பிவந்தார். "அந்தாள் பந்து முறைப்படி வர மாட்டேங்குது. மனுஷங்களோட ஆடற கட்டத்தை நான் தாண்டிட்டேன்" என்று முடிவு கட்டினார்.

பியூன் ஒரு நாள் நொண்டிக்கொண்டே ஸ்டோர் அறைக்கு வந்தார். முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க நாலு நாள் லீவு கேட்டிருந்தார். லீவு வேண்டுமானால் நாற்பது பந்து அடிக்க வேண்டும். நாற்பது பந்து அடிக்க முழங்கால் வேண்டும். அதற்கு லீவு வேண்டும். இதைக் கண்காணிப்பாளரிடம் எடுத்துச் சொன்னதற்கு, "ஆணையில ஒரு குறையும் இல்லை, முழங்கால்லதான் குறை" என்று பதில் கிடைத்ததாம்.

பியூன் கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, மெஷினைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். ஒண்ணாம் நம்பர் காகிதத்துக்கு மேல முயலோட காது தெரியுது."

ஸ்டோருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்து, பியூனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, தப்பு பண்ணிட்டேண்ணே. ஒரு நாள் கூத்துக்குன்னு நினைச்சுதான் ஒட்டினேன். இப்பவே போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவே? சார், நீங்க இத்தனை நாளா அடிச்சது ஆமைப் பந்துன்னா?"

ஸ்டோர் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.

"சொன்னா அவங்க அந்தக் காகிதத்தை மாத்த மாட்டாங்க தம்பி. உன்னைத்தான் மாத்துவாங்க. அதுவும் நீ கேட்ட ஊருக்கு இல்லை." பியூன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதமும் பசைக் குப்பியும் எடுத்து மேசைமேல் வைத்தார். "காதை மூடி ஒட்டிடு. வேற யாராவது பாத்துடப் போறாங்க."

ஸ்டோருக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு, போய்க் காதை மூடி ஒட்டினார்.

உண்மையைச் சொல்ல முடியாதவனுக்கு ஒரே வழிதான் உண்டு: பந்தை அடிக்கக் கற்றுக்கொள்வது. தினமும் காலை ஆறு மணிக்கே வந்து வலைக்கு முன்னால் நின்றார். முதல் மாதம் பந்து அவரை அடித்தது. இரண்டாம் மாதம் அவர் பந்தைத் தவிர எல்லாவற்றையும் அடித்தார். நாலாம் மாதம் ஒரு விஷயம் புரிந்தது. பந்தைப் பார்த்துவிட்டு மட்டையை வீசினால் பந்து போயிருக்கும். சக்கரம் உறுமுகிற சத்தம் கேட்டதுமே, பந்து வரும் என்று நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வீசிவிட வேண்டும். பத்து, பதினைந்து, இருபத்திரண்டு என்று ஏறியது. உள்ளங்கை காய்த்துப்போயிற்று. தோள்பட்டை ராத்திரியெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது. மனைவி போனில், "எப்பங்க வருவீங்க?" என்று கேட்டால், "இன்னும் பதினெட்டுதான் பாக்கி" என்பார்.

பதினோராம் மாதம் ஆண்டுத் தேர்வு வந்தது. இயக்குநர் ஐம்பதுக்கு ஐம்பது. கண்காணிப்பாளர் நாற்பத்தொன்பது, ஒன்றை விதிப்படி விட்டுக்கொடுத்தாராம், மேலதிகாரிக்குச் சமமாக எடுப்பது முறையல்ல. பியூன் கட்டுப்போட்ட காலோடு பன்னிரண்டு பந்து அடித்தார். உலகத்தில் வேறெந்தப் பியூனும் அந்த வேகப் பந்தைப் பன்னிரண்டு முறை திருப்பி அடித்திருக்க முடியாது. குறிப்பேட்டில் "முதலாம் நிலையிலும் தேறவில்லை" என்று எழுதினார்கள்.

பிறகு ஸ்டோர் நின்றார். மட்டை காற்றைக் கிழித்த சத்தத்தில் டைப்பிஸ்டுகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நாற்பத்து மூன்று! கடைநிலை ஊழியர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள். ஸ்டோர் அந்தத் தோளிலிருந்து இறங்காமலே மனைவிக்குப் போன் செய்து, "பெட்டியை எங்க வைக்கறதுன்னு இடம் பாத்து வை" என்று கத்தினார்.

இயக்குநர் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நாப்பத்தி மூணு! உன் நிலைல இதுவரைக்கும் யாரும் இருபதைத் தாண்டினதில்லை, தெரியுமா?"

"தெரியும் சார். அந்த மாறுதல்..."

"இந்த மாதிரி ஒரு திறமைசாலியை வேற ஆபீஸுக்கு விட்டுக்குடுத்துட்டு நான் என்ன பண்றது? நீயே சொல்லு."

"சார், நீங்கதானே நாப்பது அடிச்சா மாறுதல்னு ஆணை போட்டீங்க?"

"நாப்பது அடிச்சவங்க மாறுதல் கேக்கலாம்னுதான் போட்டிருக்கு. நீயும் கேட்டே. நானும் கேட்டுக்கிட்டேன்." இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். "அந்தத் துணை இயக்குநர் நாற்காலி எத்தனை வருஷமாக் காலியா இருக்கு! இன்னியிலேருந்து நீ அதுல உக்காரு. தனி அலுவலர், பந்துப் பிரிவு. அஞ்சாம் நிலை!"

மனுவின் மேல் "பொதுநலன் கருதி விடுவிக்க இயலாது" என்று எழுதி, எழுத்துப் பிசகாமல் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்த கையெழுத்து அப்படி வந்து சேர்ந்தது.

தனி அலுவலருக்குத் தனி அறை, சுழல் நாற்காலி, ஒரு முழ பாட்டில். முதல் நாள் ஐந்தாம் நிலையில் நின்றபோது, உறுமல் கேட்டதும் பழக்கதோஷத்தில் மட்டையை வீசிவிட்டார். பந்து இன்னும் மெஷினைவிட்டே கிளம்பியிருக்கவில்லை. அது வந்து சேர்வதற்குள் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிதானமாக அடித்தார். முதலில் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் கூச்சம் குறைந்தது. ஒரு மாதத்தில், தான் பிறவியிலேயே ஐந்தாம் நிலைதானோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

இதற்குள் தலைமை அலுவலகம் இயக்ககத்தின் அறிக்கையைப் படித்து மூக்கின்மேல் விரலை வைத்தது. பதவி உயர உயரத் திறன் உயர்கிறது. கீழே போகப் போகக் குறைகிறது. இத்தனை காலம் அவர்கள் நம்பிவந்த உண்மைக்கு இப்போது பந்துக் கணக்கோடு ஆதாரம் கிடைத்துவிட்டது. எல்லாக் கிளைகளுக்கும் மெஷின் வாங்க ஆணை பிறந்தது. "தங்கள் அலுவலகத்தில் உள்ளவாறே குமிழில் ஒட்டுவதற்கான எண்களை, அசலுக்கு மாறாமல் முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள் எடுத்து, ஒட்டும் முறையையும் விளக்கி அனுப்பிவைக்கவும்" என்று தனி அலுவலருக்குக் கடிதம் வந்தது.

அவர் அந்தக் கடிதத்தை ஒரு முழு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டும் முறையில் ஒரே ஒரு வார்த்தை மாற்றினால் போதும்: ஆறை முயல்மேல் ஒட்டவும். ஆனால் அப்படி ஒட்டினால் முந்நூற்றுப் பன்னிரண்டு மேலதிகாரிகளுக்கு மூக்கு உடையும். உடைந்தால் விசாரணை வரும். விசாரணை நேராக இந்தச் சுழல் நாற்காலிக்குத்தான் வரும். கண்காணிப்பாளர் வந்து, "அசலுக்கு மாறாமல்னு போட்டிருக்கு, பாத்துக்கோங்க சார்" என்று ஞாபகப்படுத்தினார். அவர் இப்போது இவரை சார் என்றுதான் கூப்பிடுகிறார். தனி அலுவலர் தன் கையெழுத்திலிருந்த எண்களை அப்படியே நகலெடுத்து, "ஆமையின்மேல் ஆறு" என்று விளக்கி, உறையில் போட்டு ஒட்டினார். அதற்கும் ஒரு நகல் எடுத்து அடுக்கினார்கள்.

மாதங்கள் ஓடின. ஒரு நாள் பிற்பகல் அவர் பயிற்சியில் இருந்தபோது போன் அடித்தது. ஐந்தாம் நிலையில் இது ஒரு தொந்தரவே இல்லை. இடது கையில் போனை வைத்துக்கொண்டு, வலது கையால் பந்தை அடித்துக்கொண்டே பேசலாம். மனைவிதான்.

"என்னங்க, நீங்க இங்க வர்றதுதான் நடக்கலை. நானாவது அங்க வந்துடலாம்னு மாறுதலுக்கு எழுதிப் போட்டிருந்தேன்ல? இங்கயும் உங்க ஆபீஸ் மாதிரியே பந்து மெஷின் வந்துடுச்சுங்க. நாப்பது அடிச்சாத்தானாம். எனக்கு ரெண்டாம் நிலை."

அவர் வந்த பந்தை அடித்தார். அது தானாகவே போய் வலைக்கு அப்பால் விழுந்தது.

"எத்தனை அடிச்சே?"

"ஒண்ணு. அதுவும் நான் அடிக்கலைங்க. அது என்னை அடிச்சுட்டு, அப்படியே திரும்பி வலையைத் தாண்டிடுச்சு. பாவம்னு கணக்குல சேத்துக்கிட்டாங்க. எங்க மேடம் ஆறாம் நிலைல நின்னு, டீ குடிச்சுக்கிட்டே ஐம்பதையும் அடிக்கறாங்க. பாத்துக்கிட்டே இருந்தேன். நமக்குத்தாங்க திறமை பத்தலை."

அவர் எதிரே மெஷினைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால், தோளில் துண்டோடு, அடுத்த முறைக்குக் காத்துக்கொண்டு இயக்குநர் நின்றிருந்தார். வலையோரம் பியூன் காலை இழுத்து இழுத்துப் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்றார் மனைவி. "அந்த மெஷின் குமிழ்ல நம்பர் ஒட்டியிருக்காங்க. அதுல ரெண்டு இருக்கு பாருங்க, வால் மேல சுருண்டு, அப்படியே நீங்க எழுதற ரெண்டு மாதிரியே இருக்கு. கையெல்லாம் கன்னிப்போய் வலி உயிர் போச்சு. ஆனா அதைப் பாத்ததும் நீங்களே பக்கத்துல நிக்கற மாதிரி இருந்துச்சுங்க."

அடுத்த பந்து கிளம்பிவிட்டது. மெதுவாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அவருக்கு நேரம் நிறையவே இருந்தது. என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"பந்தைப் பாத்துட்டு வீசாதே" என்றார். "மெஷின் உறுமற சத்தம் கேட்டதுமே, வரும்னு நம்பி வீசிடு."

"அப்படிப் பழக எவ்வளவு நாளுங்க ஆகும்?"

"எனக்குப் பதினோரு மாசம் ஆச்சு."

பந்து வந்து சேர்ந்தது. அவர் அடித்தார்.

"ஐம்பது!" என்று கண்காணிப்பாளர் கூவினார். "திறமைன்னா இதுதான்யா!" என்று இயக்குநர் கைதட்டினார். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். பியூன் மட்டும் தட்டவில்லை. அவருடைய இரண்டு கையிலும் பந்து இருந்தது.